கடைமடைக்குத் தண்ணீர்

காளிகாட்டுக்கு அருகே, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்குக் குறுகிய சந்து ஒன்றில், பழைய வங்காளிச் செய்தித்தாள்களை விரித்து அவற்றின்மேல் ஓர் அலுமினிய வார்ப்பைக் கிடத்தியிருந்தார்கள். இடை சற்றே ஒடுங்கிய முட்டையின் வடிவம். 70 மில்லிமீட்டர் அகலம். உட்புறச் சுவர் குரோம் பூச்சினால் கண்ணாடிபோல் மின்னியது. அந்தச் சுவரைச் சுற்றிலும் தேன்கூட்டின் அறைகளைப்போலத் தண்ணீர் ஓடும் வழிகள் வரிசையாகத் திறந்திருந்தன. சில வழிகள் துப்புரவாக இருந்தன. சிலவற்றில் சாம்பல் நிறத்தில் நைசான மண் படிந்து கிடந்தது. ஆய்வு மாணவர் விரலை நுழைத்து அந்த மண்ணை வழித்தெடுத்தார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

“வண்டல், ஐயா.”

பட்டறைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். “எஞ்சினுக்குள்ள எங்கேர்ந்து தம்பி வண்டல் வரும்?”

விடை தெரிய அதிக நேரம் ஆகவில்லை. பட்டறையில் கைவேலை செய்யும் பையன், மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் நின்றுபோன ஒரு பிற்பகலில், ரேடியேட்டரை நிரப்பச் சந்து முனைக்குப் போயிருக்கிறான். கல்கத்தாவின் தெருக்களில் இரண்டு வகைத் தண்ணீர் வருகிறது என்பது வெளியூரார் பலருக்குத் தெரியாது. ஒன்று குடிநீர். மற்றொன்று, தெருக்கழுவவும் தீயணைக்கவும் ஹூக்ளி ஆற்றிலிருந்து வடிகட்டாமலே ஏற்றி அனுப்பப்படும் தண்ணீர். ஊரார் அதைக் கங்கை நீர் என்றே சொல்கிறார்கள். குமார்டூலியில் துர்க்கையின் சிலைகளுக்குப் பூசும் மண் எந்த ஆற்றைச் சேர்ந்ததோ, அதே ஆற்றின் மண்தான் ஜப்பானில் வார்த்த அந்த அலுமினியத்துக்குள் படிந்திருந்தது. பையனுக்கு இரண்டு வசவு விழுந்தது. ஆனால் ஆய்வு மாணவர் மட்டும் மண்ணைத் துடைக்க விடவில்லை. கைப்பேசியை எடுத்து ஒவ்வொரு வழியாகப் படம்பிடிக்கத் தொடங்கினார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதைச் சொல்வதற்கு முன் அந்த எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாம் அறிந்த எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஒரே உருளைக்குள் காற்றும் எரிபொருளும் புகுகின்றன, அழுந்துகின்றன, எரிகின்றன, புகையாக வெளியேறுகின்றன. நான்கும் ஒரே இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. எரியும்போது சூடேறும் சுவரை, அடுத்து உள்ளே வரும் புதுக்காற்று சிறிது ஆற்றிவிடுகிறது. ஜெர்மானியரான பெலிக்ஸ் வான்கெல் கருதி, என்எஸ்யு நிறுவனத்தில் 1957ஆம் ஆண்டு முதன்முதலாக ஓடிய சுழல் எஞ்சின் அப்படியல்ல. முக்கோண வடிவ ரோட்டார் ஒன்று, முட்டை வடிவக் கூட்டுக்குள் சுவரை ஒட்டியபடியே சுற்றுகிறது. உறிஞ்சுதல் எப்போதும் கூட்டின் ஒரு பக்கத்தில்தான். எரிதல் எப்போதும் அதற்கு எதிர்ப்பக்கத்தில்தான். ஒரு பக்கம் ஓயாமல் குளிர்ந்த காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. மறுபக்கம் ஓயாமல் நெருப்பில் நிற்கிறது. அந்த நெருப்புப் பக்கத்திலும் ஸ்பார்க் பிளக்குகள் இரண்டு செருகியிருக்கும் சிறு பகுதிதான் உச்சச் சூடு தாங்குவது.

ஒரே உலோகக் கூடு ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நின்றால் என்ன ஆகும் என்பது கொல்லன் பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும். கூடு கோணுகிறது. 70 மில்லிமீட்டர் அலுமினியம் 80 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு விரியும். அதன் இருபுறமும் சேர்த்து இறுக்கியிருக்கும் வார்ப்பிரும்புத் தட்டுகளோ அதில் ஏறக்குறையப் பாதியளவே விரியும். இரண்டுக்கும் இடையில் தண்ணீரைத் தடுத்து நிற்பது ஒரு மெல்லிய ரப்பர் வளையம். ஒரே ஒருமுறை கடுமையாகக் கொதித்துவிட்டால் அந்த வளையம் கருகிவிடும். மறுநாள் காலை எஞ்சினைக் கிளப்பும்போது புகைக்குழாயில் வெண்புகை வரும். உள்ளே எரியறைக்குத் தண்ணீர் கசிந்திருக்கிறது என்று பொருள். ஸ்பார்க் பிளக் துளையைச் சுற்றிச் சுவரில் மயிரிழை வெடிப்பு விழுவதும் உண்டு. மஸ்டா நிறுவனம் 1967ஆம் ஆண்டு முதல் இந்த எஞ்சினைக் கார்களில் வைத்து, 1991ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தையே இதைக்கொண்டு வென்றது. ஆனாலும் சுழல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் கண் எப்போதும் வெப்பமானியின் முள்மேலேயேதான் இருக்கிறது.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கார்களில் இல்லை, வானத்தில் உண்டு. ராணுவத்துக்கான ‘நிஷாந்த்’ ஆளில்லா விமானம் முதலில் இறக்குமதி செய்த சுழல் எஞ்சினில்தான் பறந்தது. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகமும், அகமதுநகரின் ராணுவ வாகன ஆய்வு நிறுவனமும், வானூர்தி மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 55 குதிரைத்திறன் வகையைச் சேர்ந்த சுழல் எஞ்சின் ஒன்றை உள்நாட்டிலேயே உருவாக்கின. 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் கோலார் விமானத்தளத்தில் நிஷாந்த் அதைக்கொண்டு பறந்தது. சிறிய உருவம், குறைந்த எடை, குறைந்த அதிர்வு. கேமரா தூக்கிப் பறக்கும் விமானத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அங்கே ஒவ்வொரு கிராமும் கணக்கு. ரேடியேட்டரைப் பெரிதாக்கி, பம்பைப் பெரிதாக்கிச் சூட்டைத் தணிப்பது தரையில் நிற்பவனின் ஆடம்பரம். இருக்கும் தண்ணீரை உரிய இடத்துக்கு அனுப்பத் தெரிய வேண்டும்.

ஆய்வு மாணவர் எடுத்துக்கொண்ட பொருள் அதுதான். சிவகங்கை மாவட்டத்துக்காரர், கல்கத்தாவில் இயந்திரப் பொறியியல் ஆய்வு செய்ய வந்து நான்காண்டுகள் ஓடிவிட்டன. கணினியில் தண்ணீர் வழிகளை வரைந்து, ஓட்டத்தையும் சூட்டையும் கணக்கிட்டுப் பார்த்து, இரண்டு அத்தியாயங்கள் எழுதி முடித்துவிட்டார். மூன்றாவதற்கு நிஜ எஞ்சின் வேண்டும். அது இல்லாமல் உதவித்தொகை முடிந்துவிடும் நிலை. உண்மையான சுழல் எஞ்சினுக்கு இந்த ஊரில் எங்கே போவது?

லேக் மார்க்கெட்டில் காப்பித்தூள் வாங்க நின்ற வரிசையில்தான் பட்டறைக்காரர் கிடைத்தார். வயது எழுபதுக்கு மேல். காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம். ஆனால் பிறந்தது பவானிபூரில். தமிழை வீட்டிலும் வங்காளியைத் தெருவிலும் இந்தியைப் பட்டறையிலும் பேசி வளர்ந்தவர். நாற்பது ஆண்டுகளாக அம்பாசடர் டாக்சிகளின் எஞ்சின் பிளாக்குகளைப் போரிங் செய்து பிழைத்தவர். 2014ஆம் ஆண்டு மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. பதினைந்து ஆண்டு கடந்த டாக்சிகள் ஓடக்கூடாது என்ற விதியால் மஞ்சள் வண்டிகள் ஒவ்வொன்றாகத் தெருவைவிட்டு மறைய, அவர் பட்டறை வாசலில் நிற்கும் வண்டிகளும் குறைந்தன. கட்டடத்தை ஒரு புரமோட்டர் வாங்கிவிட்டார். பூஜைக்கு முன் காலி செய்ய வேண்டும்.

அவரிடம் 12ஏ என்னும் மஸ்டா எஞ்சின் ஒன்று இருந்தது. எண்பதுகளில் மல்லிக் பஜாரின் பழைய சாமான் கடையில், கிதிர்பூர்த் துறைமுகம் வழியாக யாரோ கொண்டுவந்து விபத்துக்குள்ளாக்கிய காரிலிருந்து கழற்றியது என்று சொல்லி விற்றார்களாம். மல்லிக் பஜாரில் சொல்லப்படும் கதைகளில் பாதியை நம்பினாலே அதிகம். எஞ்சின் மட்டும் உண்மையானது. “தம்பியும் நானும் வாங்கினோம். கூடப்பிறந்தவன். இதை ஒரு அம்பாசடர்ல பூட்டணும்னு அவனுக்கு ஆசை” என்றார். தம்பி இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. எஞ்சின் எண்ணெய்த் துணியில் சுற்றி அட்டத்தில் இருந்தது. “காலி பண்றதுக்குள்ள ஒரு தடவ முழுசா ஓடிக் கேட்டுடணும். உங்க படிப்புக்கும் ஆச்சு.”

இரண்டு தேவைகள் இப்படிச் சந்தித்தன. ஒருவருக்குத் தரவு வேண்டும். மற்றவருக்குச் சத்தம் வேண்டும். இருவருக்கும் பொதுவானது ஒரு கெடுவும், மாற்றுக்கு இன்னொன்று இல்லாத இரண்டு அலுமினியக் கூடுகளும்.

அம்பாசடரின் பித்தளை ரேடியேட்டரை முன்னால் நிறுத்தி, பெரிய மின்விசிறி ஒன்றை அதற்கு எதிரே வைத்து, பழைய ஜெனரேட்டர் ஒன்றைச் சுமையாகப் பூட்டி, சித்திரை மாதத்து முற்பகல் ஒன்றில் முதல் ஓட்டம் நடந்தது. எஞ்சின் கிளம்பியது. சுமை ஏற்றிய சில நிமிடங்களிலேயே முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் குளிர்ந்தே இருந்தது. சட்டென நிறுத்தினார்கள். பம்பைக் கழற்றினார்கள்; நன்றாக இருந்தது. குழாய்களை ஊதினார்கள், அடைப்பில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, தற்செயலாகப் பேச்சு வாக்கில் பட்டறைக்காரர் சொன்னார்: “அந்த வால்வைத்தான் மொதல்லயே எடுத்துப் போட்டுட்டனே.”

வால்வு என்று அவர் சொன்னது தெர்மோஸ்டாட்டை. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி, சூடானபின் திறக்கும் அடைப்பான். நம் நாட்டின் பழைய மெக்கானிக்குகள் வெயில் ஊரில் இது எதற்கு என்று அதைக் கழற்றி எறிவது நெடுங்கால வழக்கம். அம்பாசடரில் அது பெரிய கேடு செய்ததில்லை. இந்த எஞ்சினில் அந்த அடைப்பானுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ரேடியேட்டருக்குப் போகும் வழியை மேலே திறக்கும்போதே, தண்ணீர் சுருக்குவழியாகப் பம்புக்குத் திரும்பும் துளையை அது கீழே மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் சுருக்குவழி திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் பெரும்பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே மீண்டும் எஞ்சினுக்குள் சுற்றும். குளிர்ச்சிக்காகச் செய்த காரியம் கொதிப்பில் முடியும்.

மாணவர் இதைப் படம் போட்டு விளக்கினார். பெரியவர் கேட்டுக்கொண்டார். தவறு என்று சொல்லவில்லை. பழைய டப்பா ஒன்றிலிருந்து அடைப்பானைத் தேடியெடுத்து, வெந்நீரில் போட்டு அது திறக்கிறதா என்று பார்த்து, தாமே திருப்பி மாட்டினார். நாற்பதாண்டுப் பழக்கத்தை ஒரு மாலையில் விடுவது எளிதன்று. அவர் அதைப் பேச்சில்லாமல் செய்தார்.

அடுத்த தவறு மாணவருடையது. அடைப்பான் மாட்டியபின் முள் ஒழுங்காக நின்றது. ஆனால் ஸ்பார்க் பிளக்கின் அடியில் வாஷர்போல் மாட்டியிருந்த தெர்மோகப்பிள் வேறு கதை சொன்னது. முள் காட்டுவது எல்லா வழிகளும் கலந்து வெளியே வரும் தண்ணீரின் சராசரியை. பிளக்கைச் சுற்றிய இடத்தில் சூடு ஏறிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வழிகளைப் பெரிதாக்கினால் ஓட்டம் கூடும், சூடு குறையும் என்று கணினி காட்டியிருந்தது. இந்த வகை எஞ்சினில் தண்ணீர் ஒரு முனையில் புகுந்து, நெருப்புப் பக்கத்து வழிகள் எல்லாவற்றிலும் பிரிந்து நீளவாக்கில் ஓடி, மறுமுனையில் திரும்பி, உறிஞ்சும் பக்கம் வழியாக வெளியேறுகிறது. நெருப்புப் பக்கத்தில் எட்டக்கூடிய வழிகளையெல்லாம் சிறு கிரைண்டரால் தேய்த்து அகலப்படுத்தினார்கள். பிளக்கை ஒட்டிய வழிகள் வளைந்து ஒடுங்கியவை; கருவி உள்ளே நுழையவில்லை. மற்றவற்றை முடித்துவிட்டு, அவை அப்படியே இருக்கட்டும் என்று விட்டார்கள்.

மறு ஓட்டத்தில் முள் முன்னைவிடக் கீழே நின்றது. பெரியவர் மகிழ்ந்தார். பிளக்கின் அடியிலோ சூடு முன்னைவிட ஏறியது. காது வைத்துக் கேட்டால் கூட்டுக்குள் பொரி பொரிவதுபோல் மெல்லிய ஓசை. தண்ணீர் அந்த இடத்தில் மட்டும் கொதித்து, குமிழ்கள் உடைந்துகொண்டிருந்தன. ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் தண்ணீரின் கொதிநிலையை ஏறத்தாழ 118 டிகிரிக்கு உயர்த்தித் தருகிறது. அதையும் அந்த மூலை தாண்டிவிட்டது. சிறு குமிழ்கள் எழுந்து உடைவது ஓரளவுக்கு நல்லதே, அவை சூட்டை வாரிக்கொண்டு போகும். ஆனால் குமிழ்கள் கூடி உலோகத்தின்மேல் நீராவிப் போர்வையாகப் படிந்துவிட்டால், தண்ணீர் உலோகத்தைத் தொடவே முடியாது. வெடிப்பு விழுவது அதன் பிறகுதான். நிறுத்தினார்கள். பிரித்தார்கள். செய்தித்தாளை விரித்தார்கள். வண்டல் தெரிந்தது.

கண்மாய்க்கரையில் வளர்ந்தவனுக்கு வண்டல் ஓர் எழுத்து. தண்ணீர் எங்கே விரைந்து ஓடுகிறதோ அங்கே மண் நிற்காது. எங்கே தயங்குகிறதோ அங்கே இறங்கிப் படியும். மாணவரின் பாட்டனார் ஊர்க் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். மடை திறப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறைவைத்து விடுவதும், கடைமடைக்காரன் வந்து கத்துமுன் மேல்மடை வாய்க்கால்களைச் சேற்றாலும் வைக்கோலாலும் அடைத்து நிறுத்துவதும் அவர் வேலை. மழை குறைந்த ஆண்டில் மடையை அகலத் திறக்கச் சொல்லி ஊரார் கேட்பார்களாம். அவர் திறக்கமாட்டாராம். அகலத் திறந்தால் தலைமடைக்காரன் வயல் நிரம்பும். கடைமடைக்கு வரும் தண்ணீர் இன்னும் குறையும். அவர் செய்தது மேலே உள்ளவற்றைச் சிறிது அடைப்பது.

அந்த அலுமினியக் கூட்டில் வண்டல் படிந்திருந்த இடங்கள் எல்லாம் ஸ்பார்க் பிளக்குகளின் புடைப்புகளுக்குப் பின்னால், ஒடுங்கிய வழிகளில்தான் இருந்தன. அகலப்படுத்திய வழிகள் கழுவிவிட்டாற்போல இருந்தன. எளிய வழி அகலமானதும் தண்ணீர் மொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது, கடைமடை காய்ந்தது. முள் இறங்கியதற்குக் காரணமும் அதுவே: சூடு இல்லாத இடத்தில் நிறையத் தண்ணீர் ஓடி, குளிர்ந்தபடியே வெளியே வந்து சராசரியைக் குறைத்துக் காட்டியது.

கணினி ஏன் இதைச் சொல்லவில்லை? எல்லா வழிகளையும் ஒரே விகிதத்தில் அகலப்படுத்துவதாகத்தான் மாணவர் அதில் கணக்குக் கொடுத்திருந்தார். பட்டறையில் கருவி நுழைந்த வழிகளை மட்டுமே அகலப்படுத்தினார். கணக்கு பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்வி ஒன்று, செய்த காரியம் வேறு. அகலத்தைப் பற்றி இன்னொன்றும் உண்டு. உலோகத்திலிருந்து தண்ணீர் சூட்டை வாங்கும் திறன், ஓட்டத்தின் வேகத்துக்கு 0.8 அடுக்கில் மாறுகிறது. அதே அளவு தண்ணீர் இரு மடங்கு அகலமான வழியில் ஓடினால் வேகம் பாதியாகிறது. சூட்டை வாங்கும் திறன் ஏறத்தாழ 0.57 மடங்காக இறங்கிவிடுகிறது. பெரிய வழி எல்லா இடத்திலும் நல்ல வழி ஆகாது.

பாடநூல்களில் இந்தத் தண்ணீர் வழிகளுக்கு ‘நீர்ச்சட்டை’ என்று பெயர். ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துத் தமிழாக்கியது. பிஸ்டன் எஞ்சினுக்கு அது ஒருவாறு பொருந்தும். உருளையைச் சுற்றித் தண்ணீர் போர்த்தியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். சட்டை என்றதும் உடலை எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் மூடுவது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சுழல் எஞ்சினில் அந்த எண்ணமே கெடுதல். ஒரு பக்கம் நெருப்பும் மறுபக்கம் குளிர்காற்றும் உள்ள உடலுக்கு ஒரே கனத்தில் சட்டை தைக்கக் கூடாது. குளிர்ந்த பக்கத்தை மேலும் குளிர்வித்தால் இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடு கூடுகிறது. கூடு இன்னும் கோணுகிறது. பாசனச் சொற்கள் இதற்கு எவ்வளவோ பொருத்தம்: மடை, வாய்க்கால், அணைப்பு, கடைமடை. கலைச்சொல் ஆக்குகிறவர்கள் அகராதியிலிருந்து எழுந்து ஒரு கண்மாயைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

ஆக, செய்ய வேண்டியவை இரண்டு. பிளக்கை ஒட்டிய ஒடுங்கிய வழிகளில் புடைப்பைச் சுற்றிச் சிறிது உலோகத்தைக் குறைத்து ஓட்டத்தை விடுவிக்க வேண்டும். அகலமாக்கிய வழிகளில் அலுமினியத் துண்டுகளைச் செருகி அடைத்துக் குறுக்க வேண்டும். இரண்டாவது எளிது, பெரியவர் ஒரே நாளில் லேத்தில் துண்டுகளைக் கடைந்துவிட்டார். தாமே முன்பு தேய்த்து அகலப்படுத்தியதைத் தாமே அடைப்பதில் அவருக்குச் சிரிப்பு. “ரெண்டு தடவ கூலி கேக்கலாம் போலிருக்கே, தம்பி.”

முதலாவதுதான் பயந்தரக்கூடியது. தண்ணீர் வழிக்கும் எரியறைக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அலுமினியத்தில் எஃகுத் தகட்டைப் பதித்து வார்த்து, அதன்மேல் குரோம் பூசிய சுவர். கூடுதலாகத் தேய்த்தால் மெலிந்துவிடும். மேலும் தேய்த்தால் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். வேறு கூடு கிடையாது. வரைபடத்தின்படி எவ்வளவு தேய்க்கலாம் என்று கணக்கிட்டு, மாணவர் நீல மையால் கூட்டின் முகத்தில் கோடு போட்டுக் கொடுத்தார். பெரியவர் கிரைண்டரை எடுக்கவில்லை.

அவர் எடுத்தது வளைந்த கால்கள் கொண்ட ஒரு பழைய காலிப்பர். ஒரு காலைத் தண்ணீர் வழிக்குள்ளும் மற்றொரு காலைக் குரோம் பரப்பின்மேலும் வைத்து, மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். கை நடுங்கியது, கருவி தொட்ட இடத்தில் நடுக்கம் நின்றது. ஒவ்வோர் இடத்திலும் இடைவெளியை அளவுகோலில் வைத்துப் பார்த்து, சுண்ணக்கட்டியால் கூட்டின் முகத்திலேயே எழுதிக்கொண்டே போனார். பிறகு நீலக்கோட்டுக்கு அருகில் ஓரிடத்தைத் தட்டிக்காட்டினார்.

“இங்க உங்க கோடு வரைக்கும் போனா ஓட்டைதான்.”

“வரைபடத்துல ரெண்டு பக்கமும் ஒரே கனம்தான் ஐயா.”

“படத்துல இருக்கும். வார்க்கும்போது உள்ளே வைக்கிற மணல் கரு ஒரு முடியளவு நகர்ந்திருந்தா, ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் மெலிஞ்சுரும். அம்பாசடர் பிளாக்குல எத்தனை பார்த்திருக்கேன். போரிங் போடப் போடத் தண்ணி வந்துரும்.”

மெலிந்த பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் குறைவு. வரைபடத்தை நம்பிச் சுவர் மிஞ்சும் என்று கணக்கிட்ட இடத்தில் சுவரே மிஞ்சியிருக்காது. மாணவர் தம் கைக்குட்டையால் நீலக்கோட்டைத் துடைத்தார். சுண்ணக்கட்டி எண்களை வைத்துப் புதுக் கோடு போடப்பட்டது. ஒரு பக்கம் தாராளமாக, மறுபக்கம் தொட்டும் தொடாமலும். இரண்டு கூடுகளுக்கும் அப்படியே. தேய்க்கும் வேலை மூன்று நாட்கள் நடந்தது. சிறிது தேய்ப்பது, காலிப்பர் வைப்பது, துடைப்பது, மறுபடி சிறிது தேய்ப்பது. பேச்சுக் குறைவு. பையன் டார்ச் பிடித்தான். அவனுக்கு அது தண்டனையா பரிசா என்று தெரியவில்லை.

தேய்த்த பரப்புகளைக் கண்ணாடிபோல் மெருகிட வேண்டாம் என்று மாணவர் கேட்டுக்கொண்டார். சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் சுவரை ஒட்டி ஓடும் தண்ணீர் கலங்கும். கலங்கினால் சூட்டை நன்றாக வாங்கும். மெருகிடாத வேலையை வெளியே அனுப்பி வழக்கமில்லாத பெரியவருக்கு இது உறுத்தியது. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத உட்புறம்தானே என்று விட்டுக்கொடுத்தார். வெளியில் தெரியும் விளிம்புகளை மட்டும் அவர் மெருகிட்டதை மாணவர் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார்.

ரப்பர் வளையங்கள் புதியவை வரவழைக்க ஆறு வாரம் ஆயிற்று. அதற்குள் மழை வந்து, சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, எஞ்சினை மேசைமேல் ஏற்றி, மறுபடி இறக்கி, நாட்கள் கரைந்தன. அடுத்த கட்டடத்தின் மாடியை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். செங்கல் தூசு உள்ளே விழாமலிருக்கப் பழைய புடவை ஒன்றைக் கட்டி மறைத்து, அதற்குள் எஞ்சினைப் பூட்டினார்கள். இந்த முறை காய்ச்சி வடித்த தண்ணீர் கேன்களில் வந்தது. அதனுடன் பாதிக்கும் குறைவாகவே கூலண்ட் கலந்தார்கள். கல்கத்தாவில் தண்ணீர் உறையப்போவதில்லை, துருப்பிடிக்காமல் இருந்தால் போதும், வெறும் தண்ணீர்தான் சூட்டை அதிகம் சுமக்கும்.

ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடிப்பு வேலைக்கு விடுமுறை. எஞ்சின் கிளம்பியது. சுழல் எஞ்சினின் ஓசை பிஸ்டன் எஞ்சினுடையதுபோல் தடதடப்பதில்லை. துணி கிழிபடுவதுபோல் ஒரே நீளமாக வரும். சுமை ஏற்றினார்கள். முள் முந்தைய ஓட்டத்தைவிடச் சற்று மேலே போய் நின்றது. பெரியவர் முகம் சுருங்கியது. மாணவர் முள்ளைப் பார்க்கவில்லை. அவர் கண் தெர்மோகப்பிளின் எண்களில் இருந்தது. அவை ஏறின, ஏறும் வேகம் குறைந்தது, நின்றன. முன்பு பொரியும் ஓசை தொடங்கிய நேரம் வந்தது, கடந்தது. பெரியவர் மரக்கம்பி ஒன்றின் நுனியைக் கூட்டின்மேல் வைத்து மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்டார். நெடுநேரம் அப்படியே நின்றார்.

“சத்தம் இல்ல,” என்றார். பிறகு, “இன்னும் கொஞ்சம் ஏத்துங்க.”

ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் ஓடியது. சந்தில் போனவர்கள் நின்று எட்டிப்பார்த்தார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஓர் அம்மையார் வங்காளியில் ஏதோ கத்தினார். பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு, இன்னும் ஐந்தே நிமிடம் என்று விரல்களைக் காட்டினார். அந்த ஐந்து நிமிடம் இன்னொரு அரைமணி நேரமாக நீண்டது.

எஞ்சினை நிறுத்தியதும் மாணவர் குறிப்பேட்டில் எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு, சாட்சிக்குப் பெரியவரிடம் நீட்டினார். அவர் தமிழில் கையெழுத்திட்டு, தேதி போட்டு, பெயருக்குக் கீழே தம்பியின் பெயரையும் எழுதினார். ஆய்வேட்டின் பிற்சேர்க்கையில் அந்தப் பக்கம் அப்படியே நகலெடுத்துச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

மறுநாள் காலை, முற்றிலும் ஆறிய எஞ்சினை ஒருமுறை கிளப்பிப் பார்த்தார்கள். புகைக்குழாயின் வாயில் பெரியவர் உள்ளங்கையை வைத்தார். வெண்புகை இல்லை. கை கறுத்திருந்தது, ஈரமில்லை. பிறகு வடிகுழாயைத் திறந்து தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பையன் ஓடிவந்து, தான் இந்த முறை தெருக்குழாய்ப் பக்கமே போகவில்லை என்று கேட்குமுன்பே சொன்னான்.